பள்ளிக்கூட கேட்டின் சாவி

2025 ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் நாள், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியின் சின்ன கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. பெரிய கேட் தெருப் பக்கம் இருக்கிறது. அதை நான்கரை மணிக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள். இந்தச் சின்ன கேட் எங்கள் மூன்றாம் பிளாக்குக்கும் பள்ளி மைதானத்துக்கும் நடுவில் இருப்பது. எனக்குத் தெரிந்து அதற்குப் பூட்டு இருந்ததே இல்லை. ஒரு கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். சாயங்காலம் பையன்கள் கம்பியைப் பிரித்து உள்ளே போய் ஃபுட்பால் ஆடுவார்கள். இருட்டியதும் வெளியே வந்து மறுபடி சுற்றிவிட்டுப் போவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அப்படித்தான்.

நாங்கள் இருப்பது பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், குடிசை மாற்று வாரியம் கட்டிய எட்டு பிளாக். 2021இல் வாரியத்தின் பேர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. அக்கம்பக்கத்துக்கு நாங்கள் இன்னும் போர்டு பிளாக்தான்.

மே மாத லீவில் யாரோ பள்ளியின் ஸ்மார்ட் கிளாஸ் அறையில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். சத்துணவுக் கூடத்துப் படியில் நான்கைந்து குவார்ட்டர் பாட்டில்கள் கிடந்தன. லீவு முடிந்து வந்த ஹெச்எம் அதைப் பார்த்ததும் கைக்காசைப் போட்டுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. யாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஒரு பூட்டைப் பற்றி எட்டு பிளாக்கும் ஒன்றரை மாதம் பேசியது. மாவு மில்லில் பேசினோம், டீக்கடையில் பேசினோம், துணி காயப்போடும்போது மொட்டை மாடியில் பேசினோம். பூட்டில் ஆரம்பிக்கிற பேச்சு ஐந்தே நிமிடத்தில் ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று வந்து நிற்கும். அங்கிருந்து கவுன்சிலர், அங்கிருந்து கட்சி, அப்புறம் ‘மொதல்ல நம்ம புள்ளைங்கள அந்த ஸ்கூல்லேர்ந்து எடுக்கணும்’ என்பதில் போய் முடியும். கடைசியில் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பிளாக் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது என்று ஆனது. பந்தல்காரர் இருபது நாற்காலி இறக்கினார். நாற்பது பேர் வந்தோம்.

ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்தான் ஆரம்பித்தார். “நாங்க ஆடாத பந்தா? ஏழு மணி ஆச்சின்னா வூட்ல இருப்போம். இப்ப பத்து மணிக்கும் செல்ல கையில வச்சிக்கினு படிக்கட்டுல குந்திக்கினு கீறானுங்க. பூட்டு போட்டது நல்லதுதான்.” நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

வட்டச் செயலாளருக்கு வேண்டிய ஒருவர் எழுந்து, “அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், நாலு கேமரா வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டாரு” என்றார். கைதட்டல் விழுந்தது. எங்கள் கவுன்சிலர் ஒரு பெண். மாநகராட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகு ஜெயித்தவர். அன்றைக்கு ‘அண்ணன்’ என்று எல்லோரும் சொன்னது அவருடைய கணவரை. இதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது.

ஐந்தாம் பிளாக்கில் ஒரு தம்பி இருக்கிறார், கூரியர் கம்பெனியில் வேலை. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடத்தில் மகனை எல்கேஜி சேர்க்க ஏப்ரலிலிருந்து காத்திருந்தார். மத்திய அரசிடமிருந்து வரவேண்டிய நிதி நிலுவையில் இருந்ததால் அந்த வருடம் சேர்க்கை தள்ளிக்கொண்டே போனது, அக்டோபரில்தான் தொடங்கியது. கூட்டம் நடந்தபோது பிள்ளை வீட்டில் இருந்தான். “கேட்டு, பூட்டுன்னு பேசுறீங்களேண்ணா, அந்த ஸ்கூல்ல இன்னும் அஞ்சு வருஷத்துல புள்ளைங்களே இருக்காது. அத யோசிச்சீங்களா?” என்று கேட்டார். கோபம் இல்லை, குரலில் களைப்புத்தான் இருந்தது.

இட்லிக் கடை அக்கா மட்டும் நேராகப் பேசினார். “பூட்டு, இல்ல தொற, அது உங்க இஷ்டம். எம்பொண்ணு டியூசன் முடிச்சிட்டு எட்டு மணிக்கு வருது. அந்த ஸ்கூல் செவுரு மொனையில லைட் எரியணும். மூணு மாசமா எரியல. கார்ப்பரேசன் 1913க்கு ரெண்டு தபா போன் போட்டுட்டேன்.”

அப்புறம் ஒரு மணி நேரம் சத்தம்தான். யார் ஓட்டுக்குக் காசு வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்றெல்லாம் போய், இரண்டு பேர் சட்டையைப் பிடிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டது. இதில் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் அன்று ராத்திரி ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு ஏன் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு விஷயத்தை முடிக்கத் தெரியவில்லை? எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கூட்டம் புதிது இல்லை. 1918இல் பின்னி மில் தொழிலாளர்கள் இதே பெரம்பூர்ப் பக்கத்தில்தான் கூடிக்கூடிப் பேசி ‘மெட்ராஸ் லேபர் யூனிய’னை ஆரம்பித்தார்கள். இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். என் அப்பா அந்த மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர். வாயிற்கூட்டத்தில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேச மாட்டார் என்று சொல்லியிருக்கிறார். 1996இல் மில்லை மூடினார்கள். அதற்கப்புறம் அப்பா எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

இன்னொன்றும் உண்டு. நான் 1979இல் பிறந்தவள். எனக்குப் பதினேழு வயது ஆகும்வரை சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவருமே கிடையாது. 1688இல் தொடங்கிய, நாட்டிலேயே பழைய மாநகராட்சி இது. மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் விவகாரத்தில் 1973இல் மாமன்றத்தைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகு 1996 வரை, 23 வருடம், தேர்தலே நடக்கவில்லை. அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 1996இல் ஓட்டுப் போட்டு மேயரையே நேரடியாகத் தேர்ந்தெடுத்தபோது ஊரே திருவிழா மாதிரி இருந்தது. எனக்கு அப்போது ஓட்டு இல்லை. பிறகு 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. நடுவில் வர்தா புயல் வந்தது. 2019 தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, குடத்தைத் தூக்கிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்கு நின்றோம். கொரோனா வந்தது. மூன்றையும் கவுன்சிலர் இல்லாமலேயே கடந்தோம். யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியாமல் ஐந்து வருடம் போனது. அப்புறம் தேர்தல் வந்தபோது சென்னையில் சுமார் 43 சதவீதம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். அதைப் படித்தவுடன் எல்லோரும் மக்களைத் திட்டினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. விட்டு விட்டு வரும் ஒன்றிடம் உரிமையோடு போய்க் கேட்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே வராமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் கூடினோம். அன்றைக்குத்தான் அந்தப் பையன் பேசினான்.

அவனுக்குப் பதினேழு வயது இருக்கும். எட்டாவது வரை அதே பள்ளியில் படித்தவன். பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. மறுதேர்வு எழுதவில்லை. சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறான். அன்றும் ஒரு மதிய விருந்து முடிந்து நேராக வந்திருந்தான். நக இடுக்கில் கேசரிப் பவுடர் கலர் அப்படியே இருந்தது. கூட்டத்துக்குள் வராமல், ஓரத்தில் நிறுத்தியிருந்த யாருடைய வண்டியிலோ சாய்ந்துகொண்டு, பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தான். பெரியவர் மறுபடி பாட்டில் கதையை எடுத்ததும் பிரேக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“தாத்தா, பாட்டில் எங்குளுது இல்ல. யாருதுன்னு நான் சொன்னா இங்க நாலு வூட்ல சண்ட வரும். வோணாம்.”

யாரும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். நான் பார்த்தேன்.

“கண்ணாடி ஒடச்சது நாங்கதான். பந்து பட்டுச்சி. ஏப்ரல்லயே. சார்கிட்ட போயி சொல்லலாம்னு போனோம், லீவு வுட்டுட்டாங்க. கேட்ட பூட்டிட்டீங்க. அதுக்கப்புறம் நாங்க எங்க போறோம்னு யார்னா கேட்டீங்களா? தண்டவாளத்தாண்ட குந்திக்கினு கீறோம். அங்க எவன் எவன் வரான்னு தெரியுமா உங்களுக்கு?”

அவ்வளவுதான் சொன்னான். திரும்பிப் போய்விட்டான். என் பெரிய மகன் அவன் செட்டில்தான் இருப்பவன். தண்டவாளத்துப் பக்கம் போகிறான் என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பாக்களுக்குப் பதினெட்டு வயதானால் மில் இருந்தது, ரயில்வேயின் லோகோ ஒர்க்ஸ் இருந்தது, ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் இருந்தது. வேலைக்குப் போனால் அங்கேயே ஃபுட்பால் டீம், கேரம், சங்கம், படிப்பகம் எல்லாம் சேர்ந்து கிடைத்தன. ஒரு பையன் பெரிய மனிதர்கள் நடுவில் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பெரியவனாகும் இடம் அது. இப்போது பையன்களுக்குக் கிடைப்பது டெலிவரி, கேட்டரிங், சென்ட்ரிங். எல்லாம் தனித்தனி. கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு நிறைய வந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் வருகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் 2020இலிருந்து இருக்கிறது. இரண்டாம் பிளாக்கில் ஒரு பெண் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ஆனால் இதெல்லாம் மேலே படிக்கப் போகிறவர்களுக்கு. பத்தாவதில் நின்றுபோன பையனுக்கு எட்டு பிளாக்கில் எங்களிடம் இருந்தது அந்த மைதானம் ஒன்றுதான்.

பசங்க சொன்னால் யார் கேட்பார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 2024 அக்டோபரில் மாநகராட்சி மன்றம் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கத்து மைதானங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆட 1200 ரூபாய். எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்? எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களிலேயே தீர்மானத்தை வாபஸ் வாங்கி, இலவசமாகவே ஆடலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் பூட்டு அதைவிடச் சின்ன விஷயம்.

அந்தப் பையன் பேசிய மறுநாள், வீட்டில் கிடந்த ஒரு நோட்டீஸைத் தேடி எடுத்தேன். நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர், என் சின்ன மகள் அங்கே ஏழாவது படிக்கிறாள். மாதாமாதம் போவேன், டீ குடிப்பேன், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. 2024இல் குழுவைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். முன்னாள் மாணவர்! நாங்கள் ஒன்றரை மாதமாக வெளியே தள்ளிப் பேசிக்கொண்டிருந்த பையன்கள் எல்லோருமே அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள். எங்கள் குழுவில் அந்த இடங்களுக்குப் பேர் எழுதியிருந்தது. அந்தப் பேருக்குரிய ஆட்களை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இட்லிக் கடை அக்காவையும் கூரியர் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஹெச்எம்மைப் பார்க்கப் போனேன். பையனையும் வரச் சொன்னேன். வந்தான், வெளியே வராண்டாவிலேயே நின்றான்.

ஹெச்எம்மைப் பற்றி எட்டு பிளாக்கிலும் ஏதேதோ பேசியிருந்தோம். அவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காலை ஏழரை மணிக்கு வருகிறார். காலை உணவு வந்து இறங்கும்போது உப்புமாவையோ கிச்சடியையோ தானே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் போடச் சொல்கிறார். வாட்ச்மேன் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு வருடம் ஆகிறது, மாற்று ஆள் வரவில்லை. “நான் வீட்டுக்குப் போனதுக்கப்புறம் ஒரு பையன் சுவரேறி விழுந்து கால ஒடிச்சிக்கிட்டா யாரைக் கேப்பாங்கம்மா? உங்களையா? என்னைத்தானே” என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அதுவரை அவர் பிடிவாதக்காரர் என்றுதான் நினைத்திருந்தோம். பயந்து போயிருக்கிறார் என்பது எதிரே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

சுவரில் சர். பிட்டி தியாகராயர் படம் மாட்டியிருந்தது. 1920இல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தபோது மாநகராட்சித் தலைவராக இருந்தவர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் என்று கணக்குப் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். பசியோடு வரும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஒரு மாமன்றம் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்திருக்கிறது. ஹெச்எம் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எழுதிக் குடுங்க. குழுத் தீர்மானமா குடுங்க. மாநகராட்சிக் கல்வித் துறைக்கு ஒரு காப்பி. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார் கடைசியில்.

எழுதினோம். நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதினோம். சாயங்காலம் நான்கரையிலிருந்து ஏழு மணி வரை மைதானம் திறந்திருக்கும். சாவி குழுவில் இருக்கும் இரண்டு அம்மாக்களிடம் மாற்றி மாற்றி இருக்கும். யார் யார் வருகிறார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். வகுப்பறைப் பக்கம் யாரும் போகக் கூடாது. கண்ணாடிக் காசைப் பையன்களே வசூல் செய்து கொடுத்தார்கள். கேட்டரிங் கூலியிலிருந்து போட்ட பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள். எண்ணி முடிக்க நேரமாயிற்று. முன்னாள் மாணவர் இடத்தில் அந்தப் பையனின் பேரை எழுதச் சொன்னபோது இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். “பத்தாவது ஃபெயிலு, இவன் என்ன கமிட்டியில?” என்றார் ஒருவர். “எட்டாவது பாஸ் பண்ண ஸ்கூலுக்குத்தானே வர்றான்?” என்று இட்லிக் கடை அக்கா கேட்டதும் அது அடங்கியது. பதினெட்டு ஆகட்டும், அதுவரை சும்மா வந்து உட்காரட்டும் என்று ஹெச்எம் சொன்னார். வந்து உட்காருகிறான்.

லைட் விஷயத்தைப் பகுதி சபையில் வைத்தோம். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்குப் பகுதி சபை என்று 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கினார்கள். அப்படி ஒன்று எங்கள் வார்டிலும் நடக்கிறது என்பது எட்டு பிளாக்கில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. நாங்கள் பதினாறு பேர் போனோம். அண்ணனும் வந்திருந்தார். இட்லிக் கடை அக்கா அவரைத் தாண்டிப் போய், கவுன்சிலர் கையிலேயே மனுவைக் கொடுத்தார். அந்த அம்மா அதை முழுக்கப் படித்துவிட்டு, எந்த முனை என்று அக்காவைக் கேட்டுக் கம்ப எண்ணைத் தானே எழுதிக்கொண்டார். பத்து நாளில் லைட் வந்தது. மழையில் போய்விட்டது. மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாட்ச்மேன் இன்னும் வரவில்லை. கேமராவும் வரவில்லை. கேமராவைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பெரியவருக்கு இன்னும் சம்மதம் இல்லை. ஆனால் ஆறு மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். பாஸ் கொடுக்காமல் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடும் பையன்களைக் கத்திக் கத்தித் திட்டுகிறார். கூரியர் தம்பியின் மகனுக்கு இடம் கிடைத்தபோது பாதி வருடம் ஓடிவிட்டிருந்தது. அவருக்கு அதில் வருத்தம் தீரவில்லை, எனக்கும் அதற்குச் சொல்ல வார்த்தை இல்லை. என் மகன் தண்டவாளத்துப் பக்கம் போவதை அடியோடு விட்டானா என்று எனக்குத் தெரியாது. ஏழு மணிக்கு நோட்டில் அவன் பேர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது, பெரும்பாலும்.

என் முறை வரும் வாரங்களில் சாவி எங்கள் சமையல்கட்டில், காலண்டர் மாட்டிய ஆணியில் தொங்கும். நீல நைலான் கயிறு கட்டியது. நான்கரைக்கு யாராவது ஒரு பையன் வாசலில் நின்று “ஆன்ட்டி, சாவி” என்பான்.

போன வாரம் சின்னவள் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “நோட்டுல பூரா பசங்க பேர்தான் இருக்கு. நாங்க எப்பம்மா ஆடறது?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கூட்டம், ஒரு தீர்மானம், ஒரு பகுதி சபை, இத்தனையிலும் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அதுவும் தீர்மானத்தை எழுதியவள் நான். அவளே விடாமல் சொன்னாள். கேரம் உலக சாம்பியன் காசிமா செரியன் நகர், இதோ இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் தங்கம் வாங்கிய கபடி டீமில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர், அதுவும் போர்டு பிளாக்தான். “அவங்களுக்கெல்லாம் யாரோ கேட்டத் தொறந்து வுட்டிருக்காங்க இல்ல?”

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் வேண்டும் என்று ஏழாவது, எட்டாவது பெண் பிள்ளைகள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் தருகிறோம் என்று பையன்கள் நிற்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் அதுதான் பேச்சு. பதினோரு பேரும் வருகிறார்கள். இந்த முறை நாற்காலி இன்னும் கொஞ்சம் அதிகமாக இறக்கச் சொல்லியிருக்கிறேன்.